விண்வெளி என்பது வெறும் வெளியா?



விண்வெளி என்று சொன்னதும் நம் மனதில் வரும் படம் என்ன? கன்னங்கரேலென்று ஒரு இடம். நடுவில் ஒரு நிலா, நாலு நட்சத்திரம், ஒரு ராக்கெட். 'மத்தபடி எல்லாம் காலி' என்று முடித்துவிடுவோம். பேரிலேயே 'வெளி' என்று இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்றுதான் தோன்றும். ஆனால் நம் கல்லூரி நூலகத்தில் கிடைத்ததைப் படித்துப் பார்த்தால், அந்தக் காலியிடத்துக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது தெரிகிறது. அது மட்டுமல்ல, அங்கே நடப்பது எல்லாம் நம் தெர்மல் பேப்பரிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வருகிற சமாச்சாரமாகவே இருக்கிறது. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விண்வெளி எங்கே தொடங்குகிறது?

நம் ஊர் எல்லையில் பலகை நட்டிருப்பது போல விண்வெளிக்கு எல்லைப் பலகை கிடையாது. மேலே போகப் போகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போகும். எந்த இடத்திலும் சட்டென்று தீர்ந்து போகாது. கணக்குக்கு ஒரு கோடு வேண்டுமே என்பதற்காக, கடல் மட்டத்திலிருந்து 100 கி.மீ. உயரத்தை எல்லையாக வைத்திருக்கிறார்கள். இதற்குக் கார்மன் கோடு என்று பெயர். அமெரிக்காவில் 80 கி.மீ.க்கு மேலே போனாலே விண்வெளி வீரர் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

100 கி.மீ. என்றால் எவ்வளவு? பஸ்ஸில் ரெண்டரை மணி நேரப் பயணம். அவ்வளவுதான்! விண்வெளி நமக்குப் பக்கத்து மாவட்டத்தைப் போல அத்தனை அருகில் இருக்கிறது. நேர் மேலே போக வேண்டும், அதுதான் சிரமம்.

அந்தக் கோட்டைத் தாண்டியும் காற்று விடுவதில்லை. 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 49-ஐ ஒரே ராக்கெட்டில் ஏற்றி, சுமார் 210 கி.மீ. உயரத்தில் விட்டார்கள். அந்தச் சமயம் பார்த்துச் சூரியனிலிருந்து வந்த புயலால் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பிவிட்டது. காற்றின் இழுவை கூடி, 38 செயற்கைக்கோள்கள் கீழே இறங்கி எரிந்தே போயின. 'காற்றே இல்லாத' இடத்தில் காற்றால் வந்த நஷ்டம் இது.

அங்கே புவியீர்ப்பு இல்லையா?

டிவியில் விண்வெளி வீரர்கள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'அங்கே கிராவிட்டி இல்லை, அதனால் மிதக்கிறார்கள்' என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். அப்படியானால் ஏன் மிதக்கிறார்கள்?

ஒரு கல்லை நேராக வீசினால் கொஞ்ச தூரம் போய் விழும். வேகமாக வீசினால் இன்னும் தள்ளி விழும். விநாடிக்கு சுமார் 7.7 கி.மீ. வேகத்தில் வீசினால்? கல் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் பூமி உருண்டை அல்லவா, தரையும் அதே அளவுக்கு வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் தரையைத் தொடவே தொடாது. அதுதான் சுற்றுப்பாதை. நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் கூடவே விழுகிறார். இருவரும் ஒரே வேகத்தில் விழுவதால் அவருக்கு எடை தெரிவதில்லை. இப்படி 'விழுந்துகொண்டே' பூமியை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிறார்கள்.

காற்றழுத்தமும் ஒரு வால்வும்

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குப் பஞ்சர் கடை. காற்று அடித்துக் கொடுத்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார் என்று சொன்னால் அது வெறும் பேச்சல்ல, நிஜம். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். ஆகவே இந்தப் பகுதியை டியூபை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பின் மேல் எப்போதும் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. உடம்பும் உள்ளிருந்து அதே அளவு எதிர்த்து அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. விண்வெளியில் வெளி அழுத்தம் கிட்டத்தட்ட சைபர். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்று படித்திருக்கிறோம். அழுத்தம் மிக மிகக் குறைந்துவிட்டால், உடம்புச் சூடே தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1966-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய அறைக்குள் ஜிம் லெப்ளாங்க் என்ற டெக்னீஷியன் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார். உடைக்குக் காற்று கொண்டுவரும் குழாய் கழன்றுகொண்டது. ஏறத்தாழ 14 விநாடியில் நினைவிழந்து விழுந்தார். உடனே அறைக்குள் காற்றைத் திறந்துவிட்டதால் பிழைத்தார். கடைசியாக அவருக்கு ஞாபகம் இருந்தது, நாக்கின் மேல் எச்சில் குமிழியிட்டதுதான்!

அவர் பிழைத்தார். பிழைக்காத மூவரும் உண்டு. 1971 ஜூன் மாதம் சோவியத் வீரர்கள் டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் ஆகியோர் சல்யூட்-1 நிலையத்தில் மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு, சோயுஸ்-11 கலத்தில் பூமிக்குத் திரும்பினார்கள். அந்தக் கலத்தில் ஒரு வால்வு. தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காக வைத்தது. கலத்தின் பாகங்கள் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியில், சுமார் 168 கி.மீ. உயரத்திலேயே அது திறந்துகொண்டது. உள்ளே இருந்த காற்று அத்தனையும் அதன் வழியே வெளியேறிவிட்டது. அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. வால்வைக் கையால் மூட முயன்றிருக்கிறார்கள், நேரம் போதவில்லை. கலம் பாராசூட்டில் பத்திரமாக இறங்கியது. கதவைத் திறந்தவர்கள் கண்டது மூன்று உடல்களை.

இன்றுவரை விண்வெளியிலேயே உயிர் நீத்த மனிதர்கள் இந்த மூவர்தான். எரிகல் மோதியோ, தீப்பிடித்தோ அவர்கள் இறக்கவில்லை. ஒரு வால்வு தவறான நேரத்தில் திறந்தது, அவ்வளவே. அதன் பிறகு ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை கட்டாயமாகிவிட்டது.

இதைப் படித்த அன்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வால்வு சின்னதுதான்டா, அதுதான் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்குது" என்றார். எந்த டெக்ஸ்ட் புக்கிலும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் பார்த்ததில்லை.

ஃபிளாஸ்க்கும் சந்திரயானும்

வெப்பம் மூன்று வழியில் பரவும்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. நம் பைக் எஞ்சினில் ஃபின் வைத்திருப்பது காற்று பட்டுச் சூடு தணியத்தானே? விண்வெளியில் அந்தக் காற்று இல்லை. ஆகவே சலனம் என்ற வழியே அடைபட்டுப் போகிறது. கதிர்வீச்சு ஒன்றுதான் மிச்சம். டீக்கடை ஃபிளாஸ்க் ரெண்டு சுவருக்கு நடுவே காற்றை எடுத்துவிட்டுச் சூட்டைப் பிடித்து வைப்பது போல, விண்வெளியே ஒரு மாபெரும் ஃபிளாஸ்க் சுவர்.

அதனால்தான் விண்வெளி குளிர் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. பூமியைச் சுற்றும் கலத்தில் வெயில் படும் பக்கம் 120 டிகிரி செல்சியஸைத் தொடலாம், நிழல் பக்கம் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே போகலாம். விண்வெளி நிலையத்தில் உண்டாகும் சூட்டை வெளியே தள்ள, அம்மோனியா ஓடும் பெரிய பெரிய ரேடியேட்டர் பலகைகள் இருக்கின்றன. நம் லாரி ரேடியேட்டருக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் விசிறி கிடையாது, சூட்டை ஒளியாக வீசித்தான் இறக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கியது நமக்கெல்லாம் தெரியும். அதிலிருந்த ஒரு வெப்பமானி நிலவின் மண்ணுக்குள் இறங்கி அளந்தது. மேல்மண்ணுக்கும் வெறும் 8 செ.மீ. ஆழத்துக்கும் இடையே 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம்! மண்துகள்களுக்கு நடுவே காற்று இல்லாததால் சூடு கீழே இறங்க முடியவில்லை. அதே ஃபிளாஸ்க் கதைதான்.

கிரீஸ் வேலை செய்யாத இடம்

மெஷினுக்குக் கிரீஸ் வைக்கிறோம். சாதாரண கிரீஸை விண்வெளிக்குக் கொண்டுபோனால் அதிலுள்ள எண்ணெய் ஆவியாகிவிடும். பூமியில் உலோகத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அங்கே அது உரசித் தேய்ந்துவிட்டால் புதிதாக உண்டாகக் காற்று இல்லை. அப்போது சுத்தமான ரெண்டு உலோகப் பரப்புகள் ஒட்டிக்கொண்டால், வெல்டிங் ராடு இல்லாமலே வெல்டிங் ஆகிவிடக்கூடும். அதற்காக மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர்ந்த மசகுப் பொருட்களைப் பூசுகிறார்கள்.

1989-ல் வியாழனுக்குப் புறப்பட்ட கலிலியோ கலம், 1991-ல் தன் பெரிய ஆன்டெனாவைக் குடை போல விரிக்க முயன்றது. சில கம்பிகள் சிக்கிக்கொண்டன, குடை விரியவில்லை. ஏவுவதற்கு முன்பு அதை ட்ரக்கில் ஏற்றி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பல தடவை கொண்டுபோனார்கள். அந்தக் குலுக்கலில் உலர்ந்த மசகு தேய்ந்து போனதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கண்டறிந்தார்கள். கலம் சின்ன ஆன்டெனாவை வைத்துச் சமாளித்து, 1995-ல் வியாழனை அடைந்தது. ரோட்டில் நடந்த தேய்மானம் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கணக்குக் கேட்டது!

சரி, அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு புளியங்கொட்டை அளவு இடம், அதாவது சுமார் ஒரு கன சென்டிமீட்டர், எடுத்துக்கொள்வோம். நம் வகுப்பறையில் அந்த அளவு இடத்தில் இருக்கும் காற்று மூலக்கூறுகள் எத்தனை? 25 போட்டு 18 சைபர்! அதே அளவு இடத்தைப் பூமியைத் தாண்டி சூரியனுக்கும் நமக்கும் நடுவே எடுத்தால், சுமார் 5 முதல் 10 துகள்கள். நட்சத்திரங்களுக்கு இடையே சராசரியாக ஓர் அணு. காலக்ஸிகளுக்கு இடையே போனால், ஒரு கன மீட்டரில் தேடினாலும் ஓர் அணு அகப்படுவது சிரமம். எவ்வளவு மெலிந்தாலும் சுத்த சைபர் ஆவதில்லை.

சூரியனுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் அந்தத் துகள்கள் சும்மா நிற்கவில்லை. அவை சூரியனிலிருந்து விநாடிக்கு 400 கி.மீ. வாக்கில் வீசும் காற்று. இதைச் சூரியக் காற்று என்கிறார்கள். துருவப் பகுதிகளில் தெரியும் வண்ண ஒளிகள் இதன் வேலைதான். இதைக் கவனிக்கத்தான் இஸ்ரோ 2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 கலத்தை அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளியுள்ள இடத்துக்கு 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

துகளை விட்டுவிட்டு ஒளியைப் பார்ப்போம். 1964-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் கொம்பு வடிவ ஆன்டெனாவை வைத்து ஆய்வு செய்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். ஆன்டெனாவுக்குள் புறாக்கள் கூடு கட்டி எச்சமிட்டிருந்தன. அதுதான் காரணமோ என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை! கடைசியில் பார்த்தால், அது சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்தபோது கிளம்பிய ஒளியின் மிச்சம். இன்று ஆறிப்போய் மைனஸ் 270 டிகிரியில் இருக்கிறது. விண்வெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இந்த ஒளித்துகள்கள் சுமார் 410 இருக்கின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஆன்டெனா டிவியில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வெள்ளைப் புள்ளிகள் கொசகொசவென்று ஆடுமே, அதில் ஒரு சிறு பங்கு இந்த ஒளிதான்.

இன்னொன்று நியூட்ரினோ. சூரியனிலிருந்து புறப்பட்டு, நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் விநாடிக்கு சுமார் 6500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து வெளியேறுகின்றன. இதை நீங்கள் வாசிக்கும் இந்த விநாடியும்தான். ஒன்றும் தெரிகிறதா? காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் ஒன்று, நம் பக்கத்துக் கோலார் தங்க வயல் சுரங்கம். ஆண்டு 1965.

நாம் போட்ட குப்பை

1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் போனது. அதிலிருந்து நாமும் விண்வெளியை நிரப்பத் தொடங்கிவிட்டோம். பழைய ராக்கெட் பாகம், செத்த செயற்கைக்கோள், போல்ட், பெயின்ட் துணுக்கு என்று ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் சுற்றுவதாக மதிப்பிடுகிறார்கள்.

சின்னத் துண்டுதானே என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. ஒரு கிராம் துண்டு விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் மோதினால் 50,000 ஜூல். ஆயிரம் கிலோ கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்து மோதினாலும் அதே 50,000 ஜூல்தான்! 1983-ல் ஒரு பெயின்ட் துணுக்கு சேலஞ்சர் விண்கலத்தின் ஜன்னலில் பள்ளமே போட்டுவிட்டது. 2009 பிப்ரவரி 10-ல் வேலை செய்துகொண்டிருந்த இரிடியம்-33-உம், செத்துப்போன காஸ்மாஸ்-2251-உம் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. புயல் எச்சரிக்கை, மீனவருக்குத் தகவல், செல்போனில் வழி காட்டுவது எல்லாம் இந்தச் சாலையில் ஓடும் செயற்கைக்கோள்களை நம்பித்தான் இருக்கிறது. குப்பை நம் தலைவலிதான்.

தூரமோ தூரம்

சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 20 விநாடி. அடுத்த நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரியிலிருந்து வர 4.2 ஆண்டு. நம் பால்வீதியின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. அதில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். இருட்டான இடத்தில் வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய ஆன்ட்ரோமீடா காலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதாவது இன்று நாம் பார்ப்பது 25 லட்சம் ஆண்டுக்கு முந்தைய ஒளி.

மனிதன் செய்த பொருளில் அதிக தூரம் போனது வாயேஜர்-1. 1977-ல் கிளம்பி, 2012-ல் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியது. அந்த எல்லைக்கு வெளியே துகள்கள் இன்னும் குறைந்துவிடும் என்றுதானே நினைப்போம்? அங்கே துகள் அடர்த்தி பல மடங்கு கூடியிருந்தது! வாயேஜரிலிருந்து சிக்னல் நம்மை வந்தடைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதன் வேகத்தில் பக்கத்து நட்சத்திரத்துக்குப் போக வேண்டுமானால் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். என்ன, தலை சுத்துதா?

இன்னும் ஒன்று. நட்சத்திரம், கிரகம், வாயு, தூசி, நீங்கள், நான், நம் கேன்டீன் டீ எல்லாம் சேர்ந்து பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் சுமார் 5 சதவீதம்தான். 27 சதவீதம் இருள் பொருள், 68 சதவீதம் இருள் ஆற்றல் என்கிறார்கள். காலக்ஸிகளின் ஓரத்து நட்சத்திரங்கள் கணக்கை மீறிய வேகத்தில் சுற்றுவதை 1970-களில் வேரா ரூபின் அளந்து காட்டியதிலிருந்து இருள் பொருளைத் தேடுகிறார்கள். அது எதனால் ஆனது என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

'டிப்ளமோ படிக்கிறவனுக்கு விண்வெளி எதுக்கு? அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க சமாச்சாரம்' என்று நம்மில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு மூன்று செய்திகள்.

ஒன்று: சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே டெக்னீஷியனின் மகன். அவர் முதலில் படித்தது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ! அதன் பிறகுதான் பி.இ., ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி எல்லாம்.

இரண்டு: இஸ்ரோ மையங்களில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலைக்குக் கேட்கும் தகுதி முதல் வகுப்பு டிப்ளமோ. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைப் பூட்டி வைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பைப், வால்வு, வெல்டிங், ஃபிட்டிங் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.

மூன்று: லேத் சக்கில் நாம் மாட்டுகிற எம்.எஸ். ராடில் இருக்கும் இரும்பு பூமியில் உண்டானதல்ல. எப்போதோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களில் உண்டானது. நம் ரத்தத்தில் ஓடும் இரும்பும் அதேதான். விண்வெளிச் சரக்கைத்தான் நாம் தினமும் ஃபைல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்!

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை ஒர்க்‌ஷாப்பில் ஒரு நட்டை முடுக்கும்போது, 'இது போதும், விடு' என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு நம் கையால் முடுக்கிய ஒன்று 400 கி.மீ. உயரத்தில் யாரோ மூன்று பேரின் மூச்சைப் பிடித்து வைத்திருக்கலாம்.



— இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு